33 வயதில் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) முதுகலை: சேருவது எப்படி, உள்ளே என்ன நடக்கும்

கேள்வி கேட்டவர் கோவையில் மூன்று வருட பி.எஸ்சி. உளவியல் முடித்தவர். கணவரின் வேலையால், துணைவருக்குத் தரப்படும் ஹெச்-4 விசாவில் நியூஜெர்ஸியில் இருக்கிறார். மகனுக்கு வளர்ச்சித் தாமதம் இருந்தபோது, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, நாமும் இதைப் படித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. கல்லூரியை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்த வயதில் இடம் கிடைக்குமா, கிடைத்தாலும் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்கிறார்.

கிடைக்கும், தாக்குப்பிடிக்கவும் முடியும். நான் சேர்ந்தபோது எனக்கு 34. கையில் திருச்சியில் வாங்கிய பி.எஸ்சி. நுண்ணுயிரியல், இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. இப்போது முதியோர் மறுவாழ்வு மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். களப்பயிற்சிக்கு என்னிடமும் மாணவர்கள் வருகிறார்கள். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் ஊர்ப் படிப்புப் பழக்கம் உங்களை வாசலுக்குள் கொண்டுபோய்விடும், முதல் செமஸ்டரையும் தாண்டவைக்கும். அப்புறம் அதே பழக்கம்தான் காலை வாரும். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வாசல்.

படிப்புக்கும் முன்னால் விசா. ஹெச்-4-இல் முழுநேரமாகப் படிக்கத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் தனி அனுமதி வேண்டும். கணவருக்குக் கிரீன் கார்டு கேட்டு அவர் நிறுவனம் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால் நீங்கள் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், 2015-இல் வந்த விதி. அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை என்றால், படித்து முடித்து லைசென்ஸ் வாங்கி அதை வீட்டுச் சுவரில் மாட்டிவைக்க வேண்டியிருக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறிப் படித்தால் முடித்தபின் ஓ.பி.டி. என்ற தற்காலிக அனுமதியில் ஒரு வருடம் வேலை பார்க்கலாம். எது உங்களுக்குச் சரி என்று வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழித்துக் கேளுங்கள், வீணாகாத பணம். இன்னொன்று, ஹெச்-4-இல் இருப்பவருக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடையாது. தனியார் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவரின் ஜாமீன் கையெழுத்தைக் கேட்பார்கள். யாரிடம் கேட்பது என்ற சங்கடத்தை இப்போதே பட்டுவிடுவது நல்லது.

அடுத்தது உங்கள் பட்டம். அமெரிக்காவில் 2007-இலிருந்து இந்தத் தொழிலுக்குள் நுழையவே முதுகலை வேண்டும். அதனால் நம் ஊர் போல பிளஸ் டூ முடித்ததும் பி.ஓ.டி., அதற்கு மேல் எம்.ஓ.டி. என்ற வரிசை இங்கே இல்லை. இளங்கலையில் என்ன படித்திருந்தாலும் சரி, கேட்கும் பாடங்களை முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். உங்கள் சிக்கல் பாடம் அல்ல, மூன்று வருடம். இங்கே இளங்கலை நான்கு வருடம் என்பதால் சில பல்கலைக்கழகங்கள் நம் மூன்று வருடப் பட்டத்தைச் சமமாக ஏற்பதில்லை. சில, மதிப்பீட்டு நிறுவனம் சமம் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்கின்றன. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனத்தில் பாடவாரியான மதிப்பீடு வாங்குங்கள். பட்டம் மட்டும் சமமா என்று பார்க்கும் மலிவான அறிக்கையை வாங்கிவிட்டு மறுபடி பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். மார்க்கைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். நம் ஊர் 62 சதவீதம் இங்கே 62-ஆகப் படிக்கப்படுவதில்லை. முதல் வகுப்பு என்றுதான் கணக்கில் வரும். பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் 3.0 ஜி.பி.ஏ.வுக்கு (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) அது பயப்படத் தேவையில்லாத மார்க்.

முன்பாடங்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனாலும் சில பாடங்கள் அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும்: லேப் உடன் அனாடமி-பிஸியாலஜி இரண்டு செமஸ்டர், புள்ளியியல், அப்நார்மல் சைக்காலஜி, பிறப்பிலிருந்து முதுமை வரையான வளர்ச்சி உளவியல், சமூகவியல் அல்லது மானுடவியல். உளவியல் பாடங்கள் உங்கள் பட்டத்திலேயே இருக்கலாம். ஆனால் பல கல்லூரிகள் ஐந்து அல்லது பத்து வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்பார்கள், உங்களுடையது பன்னிரண்டு. எது செல்லும், எது செல்லாது என்று நீங்கள் நினைத்திருக்கும் மூன்று நான்கு கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். போனில் சொன்னதை நம்பி ஒரு செமஸ்டர் இழந்தேன் நான்.

இந்தப் பாடங்களைப் பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்காதீர்கள். நியூஜெர்ஸியில் ஒவ்வொரு பகுதிக்கும் கவுண்டி கல்லூரி, அதாவது மாவட்டக் கல்லூரி இருக்கிறது. உங்கள் கவுண்டியில் படித்தால் கட்டணம் மிகக் குறைவு. மாலை வகுப்பு உண்டு. அனாடமியை மட்டும் முடிந்தால் நேரில் படியுங்கள். ஆன்லைன் லேப் சில கல்லூரிகளுக்குச் செல்லாது. அது போக, எலும்பைக் கையில் பிடித்து, இந்த மேடு எந்தத் தசைக்கு என்று விரலால் தடவித் தெரிந்துகொள்வது படத்தில் வராது.

விண்ணப்பிக்கும் முன் ஓ.டி. ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அந்த நேரம் 20 மணி கேட்பவர்களும் உண்டு, 100 கேட்பவர்களும் உண்டு. குழந்தைகள் பக்கம் உங்களுக்கு ஏற்கெனவே பரிச்சயம். அதனால் முதியோர் இல்லத்தையும் ஆஸ்பத்திரியையும் தேடுங்கள். பெரிய ஆஸ்பத்திரியின் தன்னார்வலர் அலுவலகத்தில் ஃபார்ம் நிரப்பிக் காத்திருப்பதைவிட, பக்கத்து நர்ஸிங் ஹோமுக்குப் போன் செய்து ‘ரீஹேப் டைரக்டர்’ என்று கேட்டுப் பேசுவது சீக்கிரம் பலிக்கும். போன இடத்தில் என்ன செய்தார்கள் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகம்தான் பிறகு விண்ணப்பத்தோடு எழுத வேண்டிய கட்டுரைக்குச் சோறு போடும்.

விண்ணப்பம் ஓடிகேஸ் என்ற பொதுத் தளம் வழியாகப் போகும். ஜூலை நடுவில் திறக்கும். பல கல்லூரிகள் வர வர இடம் கொடுத்துக்கொண்டே போகும், ஆகவே கடைசித் தேதி என்பது பெயருக்குத்தான். ஜி.ஆர்.இ. என்ற முதுகலை நுழைவுத் தேர்வைப் பல கல்லூரிகள் கைவிட்டுவிட்டன. கல்லூரிக்கு ஏகோட் (ஓ.டி. படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் இரண்டு முறை பாருங்கள். புதிதாகத் தொடங்கிய சில படிப்புகள் அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் நிலையில் இருக்கும். அது கிடைக்காமல் போனால் நீங்கள் போர்டு தேர்வு எழுதவே முடியாது.

மாஸ்டர்ஸா, டாக்டரேட்டா? இரண்டும் முடித்தவர்கள் எழுதுவது ஒரே தேர்வு, வாங்குவது ஒரே லைசென்ஸ். மாஸ்டர்ஸ் இரண்டு, இரண்டரை வருடம். ஓ.டி.டி. என்ற டாக்டரேட் சுமார் மூன்று. அதில் களப்பயிற்சிக்கு மேல் 14 வாரம் கேப்ஸ்டோன் என்று ஒரு திட்டம். 2027-க்குள் எல்லோருக்கும் டாக்டரேட் கட்டாயம் என்று ஒரு முடிவு 2017-இல் வந்து, பிறகு கைவிடப்பட்டது. ஆனாலும் அந்தப் பயத்தில் பல கல்லூரிகள் டாக்டரேட்டுக்கு மாறிவிட்டன. என் வேலை இடத்தில் இரண்டு பட்டக்காரர்களும் இருக்கிறோம். நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது, சம்பளச் சீட்டிலும் பெரிதாகத் தெரியாது. பேராசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் வேறு விஷயம். மற்றபடி, எது மலிவோ, எது வீட்டுக்குப் பக்கமோ, அது. இதை நான் யாரிடம் சொன்னாலும் முகம் சுளிப்பார்கள். ‘டாக்டர்’ என்ற சொல்லின் மீது நமக்கு அப்படி ஒரு பிரியம்.

சொல் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓ.டி. படிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது ஆபரேஷன் தியேட்டர் என்று புரிந்துகொண்டு, ரத்தம் பார்த்தால் உனக்கு மயக்கம் வருமே என்றார். தமிழில் தொழில்முறை சிகிச்சை என்று சொல்லிப் பார்த்தேன். ‘வேலை வாங்கித் தருவீங்களா?’ என்றார் சித்தப்பா. இது சிரிப்பு மட்டும் இல்லை. நேர்முகத்தில் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுதான்: ஏன் ஓ.டி., ஏன் பிஸியோதெரபி இல்லை? கால் அவர்களுக்கு, கை நமக்கு என்று பதில் சொல்பவர்கள் நிறையப் பேர். தவறு. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிப்பது என்று ஒருவர் தன் நாளில் செய்ய வேண்டியதையும் செய்ய விரும்புவதையும் ‘ஆக்குபேஷன்’ என்கிறது இந்தத் துறை. அதைச் செய்யவைப்பதுதான் சிகிச்சை. அதைச் செய்வதேதான் மருந்தும். 1917-இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் இந்தத் தொழிலின் முதல் சங்கத்தைக் கூட்டிய ஜார்ஜ் பார்ட்டன் மருத்துவர் இல்லை, கட்டடக் கலைஞர். காசநோயும் இடப்பக்கம் செயலிழந்ததும் அவரை நோயாளியாக்கியிருந்தன. தோட்ட வேலையும் மர வேலையும் செய்து தன்னைத் தேற்றிக்கொண்டவர்.

கட்டுரையில் மகனைப் பற்றி எழுதலாம். ஆனால் அவன் நடந்த அதிசயத்தை எழுத வேண்டாம். எல்லோரும் ஓர் அதிசயம் எழுதுகிறார்கள். தெரபிஸ்ட் அரிசி நிரப்பிய டப்பாவில் கார் பொம்மையைப் புதைத்துவைத்திருந்தால், ஏன் புதைத்தார், ஏன் அரிசி, உங்கள் மகன் கையை உள்ளே விட எத்தனை வாரமாயிற்று என்று எழுதுங்கள்.

இடம் கிடைத்ததும் தடுப்பூசிப் பட்டியல் வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. சிறுவயதில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட நமக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை பாசிட்டிவாகக் காட்டக்கூடும். அப்புறம் எக்ஸ்ரே, கடிதம் என்று அலைச்சல். ரத்தப் பரிசோதனை செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று ஊசி முடிய ஆறு மாதம் பிடிக்கும்; சேர்ந்தபின் ஆரம்பித்தால் களப்பயிற்சிக்கு முன் முடியாமல் போகலாம்.

இனி உள்ளே. முதல் செமஸ்டர் பெரும்பாலும் உடற்கூறு, அப்புறம் நரம்பியல், உடல் அசைவைப் பற்றிய கினீசியாலஜி. பல இடங்களில் சடல ஆய்வகம் உண்டு. மயக்கம் வரவில்லை, வாடைதான் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலை ‘ராபர்ட் டெய்லர் டிரிங்ஸ் கோல்டு பியர்’ என்று வகுப்பே முணுமுணுத்தது. வேர், தண்டு, பிரிவு, கயிறு, கிளை என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்த நமக்கு இது சொந்த ஊர் மாதிரி. நான் வகுப்பில் இரண்டாவதாக வந்தேன், வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

இரண்டாவது செமஸ்டரில் செயல் பகுப்பாய்வு என்று ஒரு வீட்டுப்பாடம். தினமும் செய்யும் ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுத வேண்டும். நான் ஃபில்டர் காபியை எடுத்துக்கொண்டேன். பொடி போடுவது, வெந்நீர் ஊற்றுவது என்று ஒன்பது படி. பேராசிரியர் முழுக்கச் சிவப்பு மையில் திருப்பிக் கொடுத்தார். ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கழற்றும்போது எந்தக் கை பிடிக்கிறது, எந்தக் கை திருகுகிறது? டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது கண் எதைப் பார்க்கிறது? சூடு என்று விரல் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? பால் பொங்குவதை மறக்காமல் இருக்க மூளையின் எந்தத் திறமை வேண்டும்? மறுபடி எழுதியபோது நாற்பதைத் தாண்டியது. முன்கை திரும்புவது, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்துவது, இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்வது என்று அனாடமியில் மனப்பாடம் செய்த எல்லாம் அங்கே வந்து நின்றது. முப்பது வருடமாகக் காபி போட்டிருக்கிறார்கள் என் வீட்டில். யாரும் அதைப் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தேர்வுகளும் அதே சமயத்தில் மாறும். ‘ஒரு நோயாளி இப்படி இருக்கிறார், தெரபிஸ்ட் முதலில் செய்ய வேண்டியது எது?’ என்று கேட்டு நான்கு விடை கொடுப்பார்கள். நான்குமே சரியாக இருக்கும். எது முதலில் என்பதுதான் கேள்வி. புத்தகத்தை இரண்டாம் முறை படித்தால் இதற்கு விடை கிடைக்காது. நான் அந்த செமஸ்டரில் பி மைனஸ் வாங்கினேன். பல கல்லூரிகளில் சி வந்தால் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஏன் இந்த விடை, ஏன் அது இல்லை என்று சத்தமாகச் சண்டை போட்ட பிறகுதான் பிடிபட்டது. தனியாகக் கதவைச் சாத்திப் படிக்கும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பதும் அப்படித்தான். நாம் மரியாதை என்று நினைக்கிறோம். அவர்கள் ஆர்வமில்லை என்று குறித்துக்கொள்கிறார்கள்.

கைவேலை வகுப்புகள் எனக்குப் பிடித்தவை. கோனியோமீட்டரால் மூட்டின் கோணத்தை அளப்பது, பிடித்துக்கொள்ள இடுப்பில் கெயிட் பெல்ட் கட்டி ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, 160 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீரில் பிளாஸ்டிக் தகட்டை இளக்கிக் கைக்கு ஸ்பிளின்ட் என்ற தாங்கி செய்வது. என் முதல் ஸ்பிளின்ட் தோசை திருப்பி மாதிரி இருந்தது.

படிப்பின் நிஜமான பாதி களப்பயிற்சி. லெவல் ஒன் என்பது வகுப்புகளுக்கு நடுவே போய்ப் பார்த்துப் பழகுவது. லெவல் டூ முழுநேரம், குறைந்தது 24 வாரம். வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் இரண்டு இடத்தில். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சில சமயம் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டும் தூரத்தில் போடுவார்கள். குழந்தையை யார் பார்ப்பது என்பதை இந்த 24 வாரத்துக்குத்தான் இப்போதே யோசிக்க வேண்டும். வகுப்பு நாட்களை எப்படியாவது ஓட்டிவிடலாம். என் மாமியார் திருச்சியிலிருந்து ஆறு மாதம் வந்து இருந்தார். அவர் இல்லாவிட்டால் இந்தப் பதிலை எழுத நான் இல்லை.

என் முதல் லெவல் டூவில் ஒருவர் இருந்தார், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம். இடது கை விழுந்துவிட்டது. அதோடு இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அவர் கவனம் விட்டுவிட்டது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு போதவில்லை என்பார். ஷேவ் செய்தால் வலது கன்னம் மட்டும் பளபளக்கும். இதற்கு ‘நெக்லெக்ட்’ என்று பெயர், அதில் இத்தனை வகை என்று நான் தேர்வில் முழு மார்க் வாங்கியவள். ஆகவே மிகுந்த கரிசனத்தோடு ரேசர், நுரை, துண்டு எல்லாவற்றையும் அவர் வலக்கைக்கு எட்டும்படி அடுக்கிவைத்து, நானும் வலப்பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஷேவ் செய்யவைத்தேன். அவருக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை. என் மேற்பார்வையாளர் சாயங்காலம் வரை ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, ‘நீ இருக்கும்வரை அவர் இடப்பக்கம் திரும்பவே வேண்டியதில்லை, பார்த்தாயா?’ என்றார்.

மறுநாள் நுரை டப்பாவை வாஷ்பேசினின் இடது ஓரத்தில் வைத்தேன். கண்ணாடியின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினேன். நானும் இடப்பக்கம் போய் நின்றுகொண்டு, சிவப்பு தெரியும்வரை திரும்புங்கள் என்றேன். நுரையைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. இரண்டு முறை என்னைத் திட்டினார். எடுத்துக் கொடுக்கத் துடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்த நான்கு நிமிடம்தான் எனக்கு ஓ.டி. கற்றுக்கொடுத்தது. இப்போது என்னிடம் வரும் மாணவர்களில், நன்றாகப் படிப்பவர்கள்தான் இதே தவறைச் செய்கிறார்கள். உதவி செய்வது நல்லது என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, உதவியைக் குறைப்பது வேலை என்பது சட்டென்று ஏறாது.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமல் ஒருவரை எழுப்பினால், மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க் வாங்கினாலும் களப்பயிற்சியில் தோற்கலாம். மதிப்பீட்டுப் படிவத்தில் ஒழுக்கம், பாதுகாப்பு வரிகள் தனியாகத் தேற வேண்டியவை.

எழுத்து வேலையும் நிறைய. ‘நோயாளி நன்றாகச் செய்தார்’ என்று எழுதினால் காப்பீட்டுக்காரர் பணம் தர மாட்டார். முக்கால் பங்குக்குக் குறையாமல் அவரே செய்திருந்தால் ‘மின் அசிஸ்ட்’ (குறைந்த உதவி), பாதிக்கு மேல் செய்திருந்தால் ‘மாட் அசிஸ்ட்’ (நடுத்தர உதவி) என்று கணக்கு. மேல்சட்டை போட எத்தனை முறை வார்த்தையால் நினைவூட்டினீர்கள் என்பது வரை வேண்டும். ஆங்கிலம் நமக்குப் பிரச்சினை இல்லை. சுருக்கமாக எழுதுவதுதான் பிரச்சினை.

கடைசியில், முன்பு சொன்ன போர்டு தேர்வு. என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றிதழ் அமைப்பு நடத்துவது. நான்கு மணி நேரம், தேற 450 வேண்டும். ‘முதலில் எது’ வகைக் கேள்விகளே அதிகம் என்பதால், களப்பயிற்சி முடிந்த சூட்டோடு இரண்டு மூன்று மாதத்தில் எழுதிவிடுங்கள். ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வந்து எழுதுகிறேன் என்று நானும் சொன்னேன். திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குமேல் மாநில லைசென்ஸ் தனி விண்ணப்பம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு: வக்கீலிடம் நேரம் வாங்குவது, கவுண்டி கல்லூரியில் அனாடமி முதல் பகுதிக்குப் பெயர் கொடுப்பது. ஜனவரி வகுப்புக்கு நவம்பரிலேயே பதிவு தொடங்கிவிடும். அதில் மாலை நேர லேப் பிரிவுதான் முதலில் நிரம்பும், நர்ஸிங் சேர நினைப்பவர்களும் அதே வகுப்புக்குத்தான் வருவார்கள்.